காய்க்குள் முடிவாகிற தரம்
திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உரிமையாளர்களுக்கு,

நெருப்பெரிச்சலில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் உட்கார்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மேல்நிலை வகுப்பில் தாவரவியல் நடத்துகிறவன் நான். பூலுவப்பட்டி, பாண்டியன் நகர், வாவிபாளையம் என்று இந்தப் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் உங்களில் ஒருவருடைய கம்பெனி இருக்கிறது. அங்கே என்னிடம் படித்த யாராவது வேலையில் இருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

நூல் விலை ஏறினால் கூட்டம் போடுகிறீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது டெல்லி வரைக்கும் குரல் கொடுத்தீர்கள். கூலி, கரண்ட் கட்டணம், டாலர் மதிப்பு என்று உங்களை உறங்கவிடாத கவலைகள் எத்தனை என்பது இந்த ஊரில் குடியிருக்கிற எவருக்கும் தெரியும். அவற்றில் எதையும் நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற இந்த ஊர், தான் எதை வைத்துப் பிழைக்கிறதோ அந்தப் பஞ்சிழை எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. அது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கருநீலத்தில் ஒரு லாட் சாயமேறி, காம்பேக்டிங் முடிந்து வருகிறது. மேசையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற செக்கிங் பெண்ணின் கை நின்றுவிடுகிறது. துணி முழுக்க ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளிகள். அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே போகிறார். ஒரு மீட்டருக்குள் ஸ்டிக்கர் அட்டை தீர்ந்துவிடுகிறது. உடனே போன் பறக்கிறது. சாயப்பட்டறைக்காரர் நூலைச் சொல்வார். நூல்காரர் பஞ்சைச் சொல்வார். கடைசியில் யார் தலையிலாவது டெபிட் நோட் விழும்.

அந்தப் புள்ளியில் ஒன்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் முடிச்சாகச் சுருண்ட மெல்லிய இழைகள் தெரியும். சுவர் தடிக்காத இழைகள். சாயம் பிடிப்பது செல்லுலோஸில். செல்லுலோஸ் போதாத இழை வெளிறித்தான் தெரியும். மில்லில் இதை நெப்ஸ் என்கிறார்கள், முதிராத பஞ்சு என்கிறார்கள். இந்தக் கோளாறு சாயப்பட்டறையில் உண்டானதில்லை, நிட்டிங்கிலும் உண்டானதில்லை. பல மாதங்களுக்கு முன்னால், எங்கோ ஒரு காட்டில், பூ பூத்த நான்காவது ஐந்தாவது வாரத்தில், பச்சைக் காய்க்குள் ஒரு செல் தன் வேலையை முடிக்காமல் நின்றுவிட்டது. அதன் கணக்கைத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள்.

ஆம், ஒரு செல். ஒரு பஞ்சிழை என்பது ஒரே ஒரு செல். இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்காகப் பள்ளித் தோட்டத்தில் பருத்தி வளர்க்கிறோம். பூ மலர்கிற அன்று, பனியன் வேஸ்டில் ஒரு கீற்றைக் கிழித்து, தேதி எழுதிய அட்டையைக் காம்பில் கட்டிவிடுவோம். காலையில் வெளிர்மஞ்சளாக விரிகிற பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி, அடுத்த நாள் வாடி உதிரும். அதன் பிறகு அட்டையைப் பார்த்து, பத்தாம் நாள் ஒரு காய், இருபத்தைந்தாம் நாள் ஒரு காய் என்று பறித்து பிளேடால் கீறுகிறோம். உள்ளே விதையைச் சுற்றி ஈரமாக, வழுவழுப்பாக, வெள்ளையாக ஒரு திரள். விதையைக் கொதிநீரில் போட்டால் சுருள் விரியும். கண்ணாடித் தகட்டில் வைத்து விரலால் நீவிவிட்டு ஸ்கேல் பிடிக்கலாம். பத்தாம் நாள் காயில் ஒரு சென்டிமீட்டர் அளவில் நின்ற இழை, இருபத்தைந்தாம் நாள் காயில் அங்குலத்தைத் தாண்டியிருக்கிறது. “சார், இத்தனை நீளமும் ஒரே செல்லுங்களா?” என்று கேட்ட பெண்ணின் அம்மா உங்களில் ஒருவருடைய கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார்.

அவளுடைய அடுத்த கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. விதையின் மேல்தோலில் எத்தனையோ செல்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பூ மலர்கிற நாளில் அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மட்டும் புடைத்து எழுந்து இழையாக நீளுகிறது. மற்றவை தோலாகவே இருந்துவிடுகின்றன. எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. அப்படியானால் நீ இழையாகு, நீ தோலாகவே இரு என்று சொன்னது யார்?

சொல்வது புரதம். மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதங்கள், பாடநூல் பெயரில் படியெடுத்தல் காரணிகள். உங்கள் ஆபீஸ் வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு ஆர்டர் ஷீட் கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத்தான் போகிறது. ஆனால் கட்டிங் மாஸ்டர் தனக்குரிய பக்கத்தை மட்டும் பார்த்து வேலை செய்கிறார், பேக்கிங்காரர் தன் பக்கத்தை மட்டும். எந்தப் பக்கம் யாருக்கு, எப்போது என்று மெர்ச்சண்டைசர் சொல்லிவிடுகிறார். செல்லுக்குள் அந்தப் பொறுப்பு இந்தப் புரதங்களுடையது. இவற்றின் உடலில் ஒரு பகுதி டிஎன்ஏ முறுக்கின் பள்ளத்தில் பொருந்தும்படி அமைந்திருக்கிறது. மரபணு தொடங்குவதற்கு முன்னால் உள்ள சில எழுத்துகளின் குறிப்பிட்ட வரிசையைக் கண்டால் அங்கே பற்றிக்கொள்ளும். பற்றியதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்கிற நொதியை அந்த இடத்துக்கு வரவழைக்கும், அல்லது வரவிடாமல் தடுக்கும். வரவழைத்தால் அந்த மரபணு படியெடுக்கப்பட்டுப் புதுப் புரதம் உருவாகும். தடுத்தால் மரபணு இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும். பாரிஸில் ஜேக்கப், மோனோ இருவரும் 1961இல் ஒரு பாக்டீரியாவில் இந்த ஏற்பாட்டை விளக்கினார்கள். 1965இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பாக்டீரியாவை வைத்துத்தான் இதைப் படிக்கிறார்கள். திருப்பூர்ப் பிள்ளைகளாவது பருத்தியை வைத்துப் படித்திருக்கலாம்.

பருத்தியில் இந்தப் புரதங்களைத் தேடியவர்கள் யார் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில், எம்.ஒய்.பி.-25 என்கிற புரதத்தை 2009இலும், அதன் நெருங்கிய உறவான இன்னொன்றை 2011இலும் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த இரண்டாவது புரதம் உருவாகாமல் தடுத்த செடியில் பூ வந்தது, காய் வந்தது, விதையும் வந்தது, இழை வரவில்லை. காய் வெடித்தால் உள்ளே மொட்டை விதை. செடியில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் பழுதில்லாமல் இருந்தும், ஒரே ஒரு கட்டளைப் புரதம் வராததால் பஞ்சே இல்லை. இதை நீங்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காயில் முப்பது விதை, ஒரு விதையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இழை. அத்தனையும் உங்கள் பாபினுக்கு வந்து சேருவதும் சேராததும் அந்தப் புரதத்தின் கையில்.

ஷாங்காயில் இன்னொரு குழு. 2004இல் அவர்கள் பருத்தியின் எம்.ஒய்.பி. குடும்பத்து மரபணு ஒன்றை, ரோமம் இல்லாமல் பிறந்த அராபிடாப்சிஸ் என்கிற சிறு செடிக்குள் வைத்தார்கள். அதன் இலையில் ரோமம் முளைத்தது. 2014இல் அதே குழு ஹாக்ஸ்-3 என்கிற புரதத்தைக் கண்டது. அதை அடக்கினால் இழையின் நீளம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடுகிறது. கூட்டினால் இழை வழக்கத்தைவிட நீள்கிறது. 30 மில்லிமீட்டர் வரவேண்டிய இழை 6 மில்லிமீட்டரில் நின்றால் அதை எந்த மில்லும் நூற்க முடியாது, தலையணைக்குத்தான் போகும்.

இந்த ஹாக்ஸ்-3 தனியாக வேலை செய்வதில்லை. இன்னொரு புரதத்தோடு சேர்ந்தால்தான் மரபணுக்களைப் பற்றும். அந்தச் சேர்க்கையைத் தடுத்துக்கொண்டு நடுவில் ஒரு புரதம் நிற்கிறது. டெல்லா என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜிப்ரலின் என்கிற ஹார்மோன் வந்ததும் டெல்லா சிதைக்கப்படுகிறது; வழி திறக்கிறது; இழை நீளத் தொடங்குகிறது. திராட்சைக் கொத்துக்கு நம் தோட்டக்காரர்கள் தெளிக்கிறார்களே, அதே ஜிப்ரலின்தான். இந்த டெல்லாவின் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் இந்தியா அதன் புண்ணியத்தில் சாப்பிட்டிருக்கிறது. 1960களில் பசுமைப் புரட்சியில் வந்த குட்டைக் கோதுமை எதனால் குட்டையாக நின்றது என்பது 1999இல் தெரியவந்தது. அதன் டெல்லா, ஜிப்ரலின் வந்தாலும் சிதையாதபடி மாறியிருந்தது. தண்டு நீளவில்லை, உரம் போட்டும் சாயவில்லை, கதிர் நின்று விளைந்தது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு புரதத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு நாட்டின் பசியைத் தணித்தது. கோதுமையில் அது நடந்தது, பருத்தியில் நடக்காதா என்று உங்களில் ஒருவராவது கேட்க வேண்டும்.

இது செடியோடு நிற்கிற விஷயமும் இல்லை. எம்.ஒய்.பி. என்கிற புரதக் குடும்பத்தை முதன்முதலில் கண்டது பருத்தியில் அல்ல. கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸில். நம் உடலில் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதற்கு அந்தக் குடும்பத்தின் ஒரு புரதம் வேண்டும். அதன் கட்டுப்பாடு தவறினால் செல் பெருகிக்கொண்டே போய்ப் புற்றாகிறது. 2006இல் ஜப்பானின் யாமனாகா, நான்கு ஒழுங்குபடுத்தும் புரதங்களின் மரபணுக்களை எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஆரம்பநிலைச் செல்லாக அதைத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. செல்லின் தலையெழுத்தை மாற்றி எழுத முடியும் என்று உலகம் கற்றுக்கொண்ட காலம் இது. அந்தக் காலத்தில், உலகமெங்கும் பருத்திச் சட்டை அனுப்புகிற நாம், பருத்திச் செல்லைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாமல் இருப்பது சரியா?

காய்க்குள் நடப்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லாப நஷ்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. முதல் மூன்று வாரம் நீளும் காலம். உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மில்லிமீட்டர் வரை நீளுகிறது. செல்லுக்குள் தண்ணீரும் பொட்டாசியமும் சர்க்கரையும் ஏறி உள்ளிருந்து அழுத்த, சுவர் இழுபடுகிறது. மூன்றாவது வாரத்தை ஒட்டி வேறொரு புரதக் கூட்டம் பொறுப்பேற்கிறது. நீளும் மரபணுக்கள் அடங்கி, செல்லுலோஸ் நெய்யும் மரபணுக்கள் முழுவேகம் எடுக்கின்றன. சுவர் அடுக்கடுக்காக உள்பக்கம் தடிக்கிறது. ஐம்பது நாள் வாக்கில் செல் இறந்து, காய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன.

முதல் மூன்று வாரத்தில் நீளம் முடிவாகிறது. அடுத்த மூன்று வாரத்தில் பலமும் முதிர்ச்சியும் முடிவாகின்றன. அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை கோடிக்கு ஜெர்மன் மெஷின் வாங்கிப் போட்டாலும் 26 மில்லிமீட்டர் இழையை 30 ஆக்க முடியாது. கோம்பிங் செய்து குட்டை இழைகளைக் கழிக்கலாம். 15 முதல் 20 சதவீதம் வரை பஞ்சு வேஸ்டாகப் போகும், அதற்கும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பீர்கள். பயோ வாஷ் கொடுத்து மேல்ரோமத்தை எடுக்கலாம். நாலு சலவைக்குப் பின் பில்லிங் வந்து நிற்கும். காய்க்குள் நடக்காததை அதற்கு வெளியே ஈடுகட்டத்தான் உங்கள் செலவில் பெரும்பங்கு போகிறது.

விதை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை, உண்மை. நீளும் காலத்தில் தண்ணீர் தவறினால் நல்ல ரகமும் குட்டையாகத்தான் இழை விடும். பொட்டாஷ் போடாத காட்டில் செல்லுக்குள் அழுத்தம் ஏறாது. சுவர் தடிக்கும் காலத்தில் ராக்குளிர் கடுமையாக இருந்தால் செல்லுலோஸ் வேகம் குறையும். ஆனால் இத்தனை தண்ணீருக்கும் உரத்துக்கும் விவசாயி ஏன் செலவழிக்க வேண்டும்? நீளமான இழைக்குத் தனியாக அவர் கையில் என்ன வருகிறது? என் குறை இங்கேதான் கூர்மையாகிறது.

அவினாசிக்கும் மூலனூருக்கும் ஒருமுறை பருத்தி ஏலத்தன்று போய்ப் பாருங்கள். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுக்கிறார். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்துப் பிரிக்கிறார். நிறம் பார்க்கிறார், ஈரம் பார்க்கிறார், விலை எழுதுகிறார். அந்த விரலின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுவர் எவ்வளவு தடித்தது என்பது விரலுக்குத் தெரியாது. எச்.வி.ஐ. கருவிக்குத் தெரியும், நீளம், பலம், சுவரின் முதிர்ச்சியைக் காட்டும் மைக்ரோனேர் மூன்றையும் அது சில நிமிடங்களில் சொல்லிவிடும். அந்தக் கருவி கோவையில், 1956இலிருந்து இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் இருக்கிறது. மில்களில் இருக்கிறது. விவசாயி நிற்கிற வரிசையில் மட்டும் இல்லை. தான் விளைவித்த இழை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமலே ஒரு மனிதர் ஆயுசுக்கும் பருத்தி விதைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு எடை ஒன்றுதான் கணக்கு. எடை தருகிற விதையைத்தான் அவர் வாங்குவார். 2002க்குப் பிறகு வந்த பிடி பருத்தி காய்ப்புழுவிடமிருந்து காயைக் காக்க வந்தது. இழையை நீட்டுவதற்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை. விதைக் கம்பெனியும் விவசாயியும் எடையைப் பேசினார்கள். இழையைப் பேச வேண்டியவர்கள் நீங்கள், நீங்கள் பேசவில்லை.

பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1968இல் கோவையில் எம்.சி.யு.-5 வந்தது, நீண்ட இழை ரகம். 1974இல் அதே கோவையில் சுவின் வந்தது. எகிப்து வகையான சுஜாதாவையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்து உருவாக்கியது. நூறாம் நம்பருக்கு மேல் நூற்கக்கூடிய இழை, உலகத் தரத்துக்கு எந்த விதத்திலும் குறையாதது. டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், கண்ணையும் பொறுமையையும் வைத்து, நீளும் கட்டளை நன்றாக ஓடுகிற செடிகளை அந்த விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். சுவினுக்கு நாள் அதிகம், மகசூல் குறைவு. அந்த இழப்பை ஈடுகட்டும் விலையை உறுதியாகத் தர யாரும் நிற்காததால் விவசாயிகள் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். இன்று மிக நீண்ட இழைக்கு அமெரிக்காவையும் எகிப்தையும் பார்க்கிறோம். 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பஞ்சுக்கு இறக்குமதி வரியை 2024 பிப்ரவரியில் நீக்கினார்கள். உங்களுக்கு அது நிம்மதி தந்திருக்கும். எனக்கு வருத்தம். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் உருவான விதையை விட்டுவிட்டு, கப்பலில் வருவதற்கு வரிவிலக்குக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டோம்.

“நாங்கள் நூல்தானே வாங்குகிறோம், பஞ்சு மில்காரர் பாடு” என்று நீங்கள் சொல்லலாம். ஆர்கானிக் சான்றிதழ் வேண்டும் என்று பையர் கேட்டபோது அப்படிச் சொன்னீர்களா? நூல்காரரைப் பிடித்து, ஜின்னிங்காரரைப் பிடித்து, காடு வரைக்கும் காகிதம் தேடி எடுத்தீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, திருப்பூர் முடிந்தது என்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பொது நிலையங்களை இதே ஊர்தான் கட்டி எழுந்தது. ஒன்றுசேர்ந்தால் உங்களால் என்ன செய்ய முடியும் என்று கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். அதே ஒற்றுமை காய்க்கும் வேண்டும்.

இன்னொரு தயக்கத்தையும் அறிவேன்: மரபணு என்றாலே மரபணு மாற்றுப் பயிரா, நமக்கு எதற்கு வம்பு என்று. நான் கேட்பதற்கு அது தேவையில்லை. எந்தக் கட்டளைப் புரதத்தின் மரபணு எந்த ரகத்தில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். வழக்கமான கலப்பினச் சேர்க்கை செய்து, நாற்றுப் பருவத்திலேயே ஓர் இலையைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்து, நல்ல நாற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து எந்த மரபணுவும் உள்ளே வராது. காய் வெடிக்கும்வரை காத்திருந்து இழையை அளந்து தேர்ந்தெடுத்த வேலை பல பருவம் சுருங்கும். இதைச் செய்ய நிலமும் ஆளும் கோவையில் இருக்கிறார்கள்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பருத்தி இழையின் மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு பருத்திக்கு ஐந்தாண்டு இயக்கம் ஒன்றை அறிவித்தது, மிக நீண்ட இழை ரகங்களையும் அதில் சொன்னது. பணமும் அறிவும் ஒரு பக்கம் கூடிவருகின்றன. விளைந்ததை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆள்தான் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். வேறு ஊர் கிடையாது.

ஆகவே நான் கேட்பது இது. உங்கள் சங்கங்கள் மில்களோடு கூடி, ஒரு பருவத்துக்கு மட்டும், நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் விளையும் நீண்ட இழைப் பருத்தியை இழையை அளந்து வாங்குவதாக விதைப்புக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள். இத்தனை மில்லிமீட்டருக்கு இன்ன விலை, இந்த முதிர்ச்சிக்கு இவ்வளவு கூடுதல் என்று ஒரு பலகை மூலனூரிலும் அவினாசியிலும் தொங்கட்டும். ஏலக் கூடத்தில் ஓர் எச்.வி.ஐ. கருவி நிற்கட்டும், சோதனைச் சீட்டு முதலில் விவசாயியின் கைக்குப் போகட்டும். தன் இழை 27 என்றும் பக்கத்துக் காட்டுக்காரருடையது 31 என்றும் அறிந்த விவசாயி, அடுத்த முறை விதையைக் கேட்டு வாங்குவார், பூத்த மூன்று வாரத்துக்குத் தண்ணீரைத் தவறவிடமாட்டார், பொட்டாஷை மறக்கமாட்டார்.

ஆராய்ச்சிக்கும் நீங்கள் புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை. உங்களில் பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கிறீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களிலும், வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களிலும் நடக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்குத் தருவது அந்தக் கணக்கில் செல்லும். பள்ளிகளுக்கு நோட்டு, பெஞ்சு தருகிறீர்கள், நன்றி. அதில் ஒரு பங்கு இழைச் செல்லை ஆராயும் நாலு இளைஞர்களுக்குப் போகட்டும். உங்கள் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணின் மகள் அந்த நால்வரில் ஒருத்தியாக வரக்கூடியவள். அவள் கேட்ட கேள்வியின் தரத்தை வைத்துச் சொல்கிறேன், ஆசையில் சொல்லவில்லை.

ஆவணி விதைப்புக்குள் முடிவெடுத்தால்தான் இந்த ஆண்டு காட்டில் விதை விழும். அதற்கு முன்னால் ஒரு கூட்டம் வேண்டும்: நீங்கள், மில்காரர்கள், கோவை விஞ்ஞானிகள், மூலனூர் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் ஒரே அறையில். கூட்டத்துக்கான தேதியை நீங்கள் குறியுங்கள். இடம் எங்கள் பள்ளியில் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. தேதி எழுதிய அட்டை கட்டிய காய்களும் மைக்ராஸ்கோப்பும் மேசையில் இருக்கும். விளக்கம் சொல்லப் பிள்ளைகள் நிற்பார்கள்.

இப்படிக்கு,
நெருப்பெரிச்சல் தாவரவியல் ஆசிரியர்